ஐநூறு வருஷத்து எச்சில்

பழைய ஓவியத்தைத் துடைக்க எச்சிலை மிஞ்சிய மருந்து கிடையாது. வெளியே சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள். அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. வாயின் சூடும் சோற்றைக் கரைக்கிற சத்தும் சேர்ந்து, நூறு வருஷத்துப் புகையையும் ஈ போட்டுவிட்டுப் போன கறுப்புப் புள்ளிகளையும் வண்ணத்துக்கு நோகாமல் எடுத்துவிடும். வெறும் தண்ணீரால் அது ஆகாது. பாட்டிலில் வருகிற திரவங்களில் பாதி, அழுக்கோடு சேர்த்து ஓவியத்தையும் கொண்டு போய்விடும்.

பஞ்சு அக்கா இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை செய்கிறாள். மெல்லிய மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் ஒரே ஒரு தரம் தொட்டு, ஓவியத்தின் மேல் உருட்டுவாள். தேய்ப்பது என்ற பேச்சே கிடையாது. உருட்டிய பஞ்சு மறுபடி நாக்குக்குப் போகாது, கண்ணாடிக் குடுவைக்குப் போகும். அந்தக் குடுவையைப் பார்த்தவர்களுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. துடைக்கிற நாட்களில் அவள் காலையில் காபியைத் தொடமாட்டாள், மூன்று தரம் வாய் கொப்பளிப்பாள், மதியம் வரை யாரோடும் வாய் கொடுக்கமாட்டாள். பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்டவர்கள் அங்கே யாரும் இல்லை.

அங்கே என்றால், பன்னிரண்டு நாடுகள் கூடிக் கட்டிய கலைப்பொருள் ஆய்வுக்கூடம். தனித்தனியாக எந்த நாட்டாலும் வாங்க முடியாத கருவிகளைச் சேர்ந்து வாங்கிப் பூமிக்கு அடியில் வைத்திருந்தார்கள். சிலை, சுவடி, துணி, பலகை என்று உலகத்துப் பழம்பொருளெல்லாம் முறை வாங்கிக்கொண்டு அங்கே வந்து படுக்கும். யாருக்கு எந்தக் கருவி எந்த நாளில் என்று நடைபாதையில் ஒரு பெரிய பலகை தொங்கும். அந்தப் பலகையில் தன் பெயர் வருவதற்காக, படித்த மனிதர்கள் இயக்குநருடைய அசட்டுச் சிரிப்புக்கெல்லாம் சேர்ந்து சிரித்தார்கள்.

இயக்குநர் சுத்தமான மனிதர். அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கையில் கிருமி மருந்தைப் பிதுக்கித் தேய்த்துக்கொள்வார். ஆனால் ஒரு தாளைத் திருப்ப வேண்டுமென்றால் கட்டைவிரல் தானாக நாக்குக்குப் போய்விடும். நாக்கும் கொஞ்சம் வெளியே வந்து விரலை எதிர்கொள்ளும். அவர் பார்த்து அனுப்பிய கோப்பு எதையும் எல்லோரும் மேல்பக்கமாகப் பிடித்து வாங்குவார்கள். கீழ் வலது மூலை எப்போதும் ஊறிப்போய் இருக்கும்.

இந்த மனிதர்தான் எச்சிலுக்குத் தடை போட்டவர். துடைக்கத் தடை இல்லை, எழுதத்தான். எதனால் துடைத்தோம் என்று கணினிப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. பன்னிரண்டு நாட்டுக்காரர்களும் இரண்டு வருஷம் மல்லுக்கட்டித் தயாரித்த படிவம். அதில் பதினேழு திரவங்கள் இருந்தன, எச்சில் மட்டும் இல்லை. பஞ்சு அக்கா போய்க் கேட்டாள்.

"மந்திரிங்க படிக்கிற அறிக்கையில எச்சில்னு எழுதுவீங்களாம்மா? கேக்கவே குமட்டுது. காய்ச்சி வடிச்ச நீர்னு போடுங்க. அதுவும் ஈரம்தானே," என்றார் இயக்குநர்.

அவளும் போட்டாள். ஊரோடு ஒத்துப்போகலாம் என்று நினைத்தாள். ஆறு வருஷத்தில் நாற்பத்தொரு பொருளுக்கு அப்படிப் போட்டாள்.

அந்த நாற்பத்தொன்றில் முதலாவது ஒரு மரப்பலகை ஓவியம். இரண்டு எல்லைகள் தாண்டி இருக்கிற ஒரு மலையூரின் சின்ன அருங்காட்சியகத்திலிருந்து வந்தது. கொண்டு வந்தவர்தான் அந்த அருங்காட்சியகத்தின் காப்பாளர், காவலாளி, சீட்டுக் கிழிப்பவர், பெருக்குபவர் எல்லாம். லாரியில் ஏற்ற மாட்டேன் என்று கம்பளியில் சுற்றி, பிள்ளையை வைப்பதுபோல மடியிலேயே வைத்து ரயிலில் கொண்டு வந்தார். பலகையில் ஒரு பெண் கிண்ணம் ஏந்தி நிற்கிறாள். ஐநூறு வருஷமாக நிற்கிறாள். முகம் கட்டைவிரல் நகம் இரண்டைச் சேர்த்து வைத்த அளவுதான், ஆனால் பலகையின் உயிரே அந்த முகம்தான். அந்த ஊருக்கு வேறு எந்தப் பெருமையும் இல்லை.

அந்தப் பெரியவர், இங்கே எல்லோர் வாயிலும் பலகைக்காரர், மாதம் பிறந்தால் பஞ்சு அக்காவுக்குத் தொலைபேசுவார். கேட்பது ஒரே கேள்வி.

"முகம் நல்லா இருக்காம்மா?"

"நல்லா இருக்குங்கய்யா."

"சரிம்மா. வெச்சிரட்டுமா?"

அவ்வளவுதான். துடைத்து முடித்த பலகை கருவிகளுக்கு முறை காத்து அங்கேயே கிடக்க, ஆறு வருஷமாக இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை நடைபாதைப் பலகைக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மலையூர்ப் பலகையின் வண்ணத்தில் மனித எச்சில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மரபணுச் சோதனையின்படி ஓர் ஆண், ஒரு பெண். அந்தக் காலத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து எச்சிலில் வண்ணம் குழைத்து வரைந்திருக்கிறார்கள். உலகத்திலேயே முதல் சான்று. மேற்கொண்டு உறுதிப்படுத்த, வருகிற வியாழக்கிழமை ஓவியத்தின் முகப்பகுதியிலிருந்து ஒரு பருப்பு அளவுத் துண்டு வெட்டி எடுக்கப்படும்.

பஞ்சு அக்கா அதை இரண்டு தரம் படித்தாள். அந்த முகத்தில் பருப்பு அளவு என்றால் வாயும் கன்னமும் போய்விடும். அதைவிட, அந்தப் பெண் யார் என்பது அவளுக்குப் படித்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கன்னத்தில் பதினோரு ஈப்புள்ளிகளைத் தன் எச்சிலால் எடுத்தவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? வாயில் பழைய பஞ்சின் சுவை வந்தது.

நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், அந்தப் பொம்பள எச்சில் என்னோடது."

இயக்குநர் கையில் மருந்தைப் பிதுக்கித் தேய்த்துக்கொண்டே கேட்டார். "படிவத்துல என்னம்மா இருக்கு?"

"நீர்னு இருக்கு. நீங்கதான் அப்படிப் போடச் சொன்னீங்க."

"நான் சொன்னதுக்கு எழுத்து இருக்கா? இல்ல. நீங்க எழுதினதுக்கு எழுத்து இருக்கு. இப்ப வந்து எச்சில்னு சொன்னா, அப்ப பொய் எழுதினதா ஆகும். தொடுற அனுமதி அன்னைக்கே போயிரும். இந்தக் கட்டடத்துல மட்டும் இல்ல, பன்னிரண்டு நாட்டுலயும் ஒரு பழைய பொருள்மேல நீங்க விரல் வைக்க முடியாது." குரலில் கோபமே இல்லை. நல்ல மனிதர் புத்தி சொல்கிற குரல். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"முகத்தை வெட்டப் போறீங்களே சார்."

"பருப்பு அளவு. யாரு கண்ணுல படப்போகுது?"

சொல்லிவிட்டு, மேஜையிலிருந்த செய்தித்தாளைக் கையில் எடுத்தார். தம்பதி ஓவியர்கள் செய்தி உள்பக்கத்தில் வந்திருந்தது, அவர் படத்தோடு. கட்டைவிரல் நாக்குக்குப் போனது. நாக்கு வெளியே வந்தது. விரல் ஈரமாகித் தாளைத் திருப்பியது.

அந்த ஒரு நொடியில்தான் பஞ்சு அக்காவுக்கு ஆண் யார் என்பதும் விளங்கியது.

அந்த முதல் வருஷம், அவள் முகத்தைப் பாதி துடைத்திருந்தபோது ஒரு மந்திரி பார்வையிட வந்தார். அழுக்கு எப்படிப் போகும் என்று மந்திரி கேட்டார். இயக்குநர் ரொம்ப உற்சாகமாக, "இப்படித்தாங்கய்யா," என்று கட்டைவிரலை நக்கி, பலகைப் பெண்ணின் கன்னத்தில் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். கன்னம் சட்டென்று சிவப்பாக மின்னியது. மந்திரி கைதட்டினார். அவர்கள் போனபிறகு பஞ்சு அக்கா திட்டிக்கொண்டே அதே கன்னத்தில் தன் பஞ்சை உருட்டினாள். உலகத்தின் முதல் தம்பதி ஓவியர்கள் இந்த இரண்டு பேர்தான். கழிப்பறைக்குப் போய் ஏழு தரம் வாய் கொப்பளித்தாள். ஆறு வருஷம் கழித்துக் கொப்பளித்து என்ன பிரயோஜனம்?

வீட்டுக்கு வந்தால் மகள் அதே செய்தியை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டிக்கு அதுதான் தலைப்பாம். பத்து வயசுப் பிள்ளை எழுந்து நின்று கையை ஆட்டிப் பேசிக்காட்டியது.

"அன்பான அந்தக் கணவனும் மனைவியும் ஒரே கிண்ணத்தில் தங்கள் எச்சிலைக் கலந்து..."

"நிறுத்துடி," என்றாள் பஞ்சு அக்கா.

கணவன் காரோட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுக்கப் பயந்தாங்கொள்ளிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, எதற்கும் அசராத ஆளாகிவிட்டான். அவள் நடந்ததைச் சொல்லி முடித்ததும் சொன்னான்.

"அப்போ அந்த ஆளோட ஐநூறு வருஷமாக் குடித்தனம் நடத்தியிருக்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"எனக்கு உடம்பெல்லாம் கூசுது. நீ கிண்டல் பண்ற."

"கிண்டல் பண்ணலன்னா நான் போய் அந்தாளை அடிக்கணும். எது வசதி?" என்றவன், மகள் பல் தேய்க்கப் போனதும் குரலைத் தாழ்த்தினான். "சொன்னா வேலை போயிருமா?"

"வேலை போகாது. தொட விடமாட்டாங்க. மூட்டை கட்டுற இடத்துல உக்கார வெப்பாங்க."

"சொல்லலன்னா?"

"அந்தப் பொம்பளைக்கு வாய் இருக்காது."

அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. அந்த ஆள் பொய் சொல்லச் சொன்னான், சரி. நாற்பத்தொரு தரம் அந்தக் கட்டத்தை அழுத்தியது யார் விரல்?

வியாழக்கிழமை காலைக் கூட்டத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். நடுமேஜையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பலகை இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் வெட்டுகிற கத்தி, அந்தப் பக்கம் கடித்துக் குதறிய காகிதக் கோப்பைகளும் பிஸ்கட் தூளும். கோடிக்கணக்கான தூசியை வடிகட்டுகிற காற்றுக்கருவி வைத்த கட்டடத்தில், ஓர் ஈ மட்டும் சாவகாசமாகப் பிஸ்கட்டில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தது. பலகைக்காரர் வந்திருந்தார். சட்டையின் கழுத்துப் பொத்தானை இறுக்கிப் போட்டுக்கொண்டு, கொடுத்த பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்குப் பெரிய பேர் வரும்னு சொல்றாங்கம்மா. பருப்பு அளவுதானாம். நீங்க என்ன சொல்றீங்க?" என்று பஞ்சு அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் தொண்டையைச் செருமினார். அனுமதிப் பத்திரம் ஆறு பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் நக்கி நக்கித் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். ஆறு பக்கத்துக்கும் ஆறு தரம் நாக்கு வந்து போனது. கடைசிப் பக்கத்தைப் பலகைக்காரர் முன்னால் தள்ளினார்.

பஞ்சு அக்கா எழுந்தாள்.

"கையெழுத்துப் போடாதீங்கய்யா. அதுல இருக்கிற பொம்பள எச்சில் என்னோடது. நான்தான் துடைச்சேன். நீர்னு பொய் எழுதினேன்."

மேஜையில் யாரோ கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. இயக்குநர் சிரித்தார்.

"அக்காவுக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்ல."

மரபணுச் சோதனை செய்த ஒல்லியான விஞ்ஞானி அதுவரைக்கும் தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடல் தாண்டி வந்தவர். இப்போது தலையை நிமிர்த்தினார்.

"எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்தது. எச்சில் ரொம்பப் புதுசா இருக்குன்னு கட்டுரையில எழுதினேன். அது அச்சுல வரும்போது 'வியக்கத்தக்க அளவுக்குக் கெடாமல் இருக்கிறது'ன்னு மாறியிருந்துச்சு. பலகையைக் கருவியில வெச்சு எடுத்தவங்க எல்லாரோட மாதிரியும் ஒப்பிட்டுப் பார்த்தேனே, அதுல உங்களோடது இல்லையே."

"துடைச்சது நீர்னு இருக்கும்போது என் மாதிரியை எதுக்குக் கேப்பீங்க?" பஞ்சு அக்கா மேலங்கிப் பையிலிருந்து மூடி போட்ட கண்ணாடிக் குழாயை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அதில் அரை விரல் உயரத்துக்கு எச்சில் இருந்தது. காலையில் வாய் கொப்பளித்துவிட்டு, வீட்டிலிருந்தே கொண்டு வந்தது. "இதை ஒப்பிட்டுப் பாருங்க."

இரண்டு பேர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்கள். இவ்வளவு நேரமும் எச்சிலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சீ, என்ன அசிங்கம் இது," என்றார் இயக்குநர். "சரி, வெச்சுக்குவோம். அப்போ ஆம்பள யாரு? உங்க வீட்டுக்காரரா?"

சிலர் சிரித்தார்கள். பலகைக்காரர் சிரிக்கவில்லை.

"நீங்க அந்தப் பலகையைத் தொட்டிருக்கீங்களா சார்?" என்று கேட்டாள் பஞ்சு அக்கா.

"நான் எதுக்கும்மா தொடறேன்? ஒரு நாளும் தொட்டது இல்ல. எல்லாருக்கும் தெரியும்."

"அப்போ இதையும் சோதிக்கலாம். உங்களுக்குத்தான் பயமில்லையே." இடுக்கியை எடுத்து, அனுமதிப் பத்திரத்தின் ஈர மூலையைப் பிடித்துத் தூக்கி, மாதிரிப் பைக்குள் விட்டாள். பையை விஞ்ஞானி பக்கம் நகர்த்தினாள். "ஆறு பக்கமும் இருக்கு. ஒண்ணு போதாதுன்னா இன்னொண்ணு எடுத்துக்கலாம்."

இயக்குநரின் கட்டைவிரல் பாதி வழியில் நின்றது. வாய்க்கும் மேஜைக்கும் நடுவே அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தார். தொட்டதே இல்லை என்று எட்டுப் பேர் முன்னால் சொல்லியாயிற்று, இனி எதைச் சொல்லிப் பத்திரத்தைத் திருப்பிக் கேட்பது? பலகைக்காரர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"முடிவு வரட்டுங்க. அதுக்கப்புறம் பார்க்கலாம்," என்றார்.

நாலு நாளில் முடிவு வந்தது. பெண், பஞ்சு அக்கா. ஆண், பத்திரத்தை நக்கியவர். ஐயத்துக்கு இடமே இல்லை.

முகம் தப்பியது. அது மட்டும்தான் நல்லபடியாக நடந்தது. ஆய்வுக்கூடம் தன் தவற்றைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டதாகவும், இப்படிப்பட்ட கறாரான சுயபரிசோதனை உலகத்தில் வேறெங்கும் இல்லையென்றும் இயக்குநர் அறிக்கை விட்டார். அதில் பெண்ணின் எச்சில் 'பணியாளர் ஒருவருடையது' என்று இருந்தது. ஆணின் எச்சில் 'அடையாளம் தெரியாத பார்வையாளருடையது' என்று இருந்தது. கீழே விஞ்ஞானியும் கையெழுத்துப் போட்டிருந்தார். பஞ்சு அக்கா நடைபாதையில் அவரை மறித்தாள்.

"உங்க கண்ணால பார்த்ததுதானே?"

"அடுத்த மாசம் கருவியில என் முறை வருது அக்கா. அதுல அவர்தான் கையெழுத்துப் போடணும்," என்றார் அவர், தரையைப் பார்த்து. அவருக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய? தொட்டால் ஒட்டிக்கொள்ளும்போல இருந்தது எல்லோர் முகமும்.

பலகைக்காரர் தன் பலகையைத் திருப்பிக் கேட்டார். கொண்டு வந்த அதே கம்பளியை எடுத்து வந்திருந்தார். பெட்டியைத் திறந்து முகத்தைக் குனிந்து பார்த்தவர், நிமிரவேயில்லை.

"இது என்னம்மா?"

நெற்றியில் புதிதாக ஒரு கறுப்புப் புள்ளி. கூட்டத்தன்று பிஸ்கட்டில் உட்கார்ந்த ஈ, வெட்டுவதற்காகத் திறந்து வைத்திருந்த பெட்டிக்குள்ளும் போய்த் தன் கையெழுத்தைப் போட்டிருந்தது. பன்னிரண்டு நாடுகள் சேர்ந்து காப்பாற்றிய லட்சணம் இது.

"எடுத்துரலாங்கய்யா. எதால எடுப்பேன்னு உங்களுக்குத் தெரியும். வேண்டாம்னா விட்டுடறேன்."

"என் பேத்தி மூஞ்சில மை பட்டா என் மருமகளும் அப்படித்தான் துடைக்கிறா. எடுங்கம்மா."

அன்றைக்கு அவள் காபி குடித்திருக்கவில்லை. மூன்று தரம் வாய் கொப்பளித்தாள். பஞ்சை நாக்கில் ஒரு தரம் தொட்டு, நெற்றியில் இரண்டு தரம் உருட்டினாள். புள்ளி போயிற்று. பெரியவர் கம்பளியைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, வண்டியில் ஏறிப் போனார். அதன்பிறகு அவள் கணினியில் படிவத்தைத் திறந்தாள். பதினேழு திரவங்களையும் தாண்டிக் கடைசியில் 'குறிப்பு' என்று ஓர் இடம் இருந்தது. அதில் எழுதினாள்: எச்சில். என்னுடையது. தேதி, நேரம். பிறகு பழைய நாற்பத்தொரு படிவங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து அதையே எழுதினாள். முதல் படிவத்தில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது: இடது கன்னத்தில் இயக்குநரின் எச்சிலும் உண்டு, கட்டைவிரலால் தேய்த்தது.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். ஆறு வருஷம் நீர் என்று பொய் எழுதியபோது வராத கடிதம், எச்சில் என்று எழுதிய ஒரே நாளில் தயாராகியிருந்தது. பொதுப் படிவங்களில் அருவருப்பான சொற்களைப் பதிவு செய்ததற்காக அவளுடைய தொடும் அனுமதி ரத்து.

"எனக்கு மனசே இல்லம்மா," என்றார். கையில் மருந்தைப் பிதுக்கி, விரல் விரலாகத் தேய்த்தார். கடிதத்தின் இரண்டு நகல்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கட்டைவிரல் நாக்குக்குப் போனது. தாள்களைப் பிரித்தார். "ஒண்ணு உங்களுக்கு," என்று நீட்டினார்.

பஞ்சு அக்கா பையிலிருந்து இடுக்கியை எடுத்தாள். ஈரம் படாத மேல்மூலையில் தாளைப் பிடித்து வாங்கினாள். மாதிரிப் பையில் போட்டு, பையின் வாயை ஒட்டி, அவர் மேஜையிலேயே வைத்து அதன்மேல் தேதியும் நேரமும் எழுதினாள். 'யாருடையது' என்ற இடத்தில் அவருடைய பதவியை எழுதினாள்.